மாமியார் ரெடி, கப்பல் ரெடியா?

பெட்டி படுக்கை: வாசகர் கேள்வி பதில்
பிப்ரவரி 2022 (இதில் வரும் விதிகளும் நிலவரமும் அந்த மாதத்துக்கு உரியவை)

கேள்வி: சிங்கப்பூர் யீஷூனில் வசிக்கிறோம். கணவர், 9 வயது மகன், 71 வயது மாமியார், நான் என்று நாலு பேருக்கு ‘வேர்ல்ட் டிரீம்’ கப்பலில் மார்ச் பள்ளி விடுமுறையின்போது 3 இரவுப் பயணம் பதிவு செய்திருக்கிறோம். எந்த ஊருக்கும் போகாமல் கடலில் சுற்றிவிட்டுத் திரும்புகிற பயணம்தான். போன ஜூலையிலேயே போயிருக்க வேண்டியது. கட்டுப்பாடுகள் இறுகியதும் நாங்களே தேதியை மாற்றிக்கொண்டோம். முன்பணம் 640 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) ஏஜென்ட் மூலம் கிரெடிட் கார்டில் கட்டியாயிற்று. பாக்கி 960 வெள்ளிக்கு பிப்ரவரி 15 கெடு. இதற்கிடையில் ஓமிக்ரான் ஏறுகிறது, கப்பல் கம்பெனி திவால் என்று வேறு செய்தி. கணவர் “கேன்சல் பண்ணிடு” என்கிறார். ஏஜென்ட், பாக்கியை இப்போதே பேநவ்வில் (வங்கிக் கணக்கிலிருந்து உடனே பணம் அனுப்பும் வழி) அனுப்பினால் 80 வெள்ளி குறைக்கிறேன் என்கிறார். மாமியாருக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. ஆனால் வீட்டில் போயே தீரவேண்டும் என்று துடிப்பவரும் அவர்தான். ஈரத்தில் வழுக்காத செருப்புகூட வாங்கி வைத்துவிட்டார். கேன்சல் செய்யவா, வேண்டாமா?
*(பெயர் வேண்டாம், யீஷூன்)*

பதில்: செருப்பு வாங்கி வைத்த மாமியாருக்கு முதலில் என் வணக்கம். அந்தத் தெம்பு எல்லோருக்கும் வாய்க்காது.

நீங்கள் ஒரு கேள்வியாகக் கேட்டிருப்பது உண்மையில் இரண்டு. போகலாமா என்பது ஒன்று, கேன்சல் செய்யலாமா என்பது இன்னொன்று. போவதில்லை என்று இன்று ராத்திரியே முடிவெடுத்தாலும், நாளைக் காலையில் கேன்சல் செய்தாக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. பணம் போகிறவர்களில் பாதிப் பேர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் அதை இழக்கிறார்கள்.

அண்ணா சாலையை ஒட்டிய ஒரு டிராவல்ஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்துதான் எனக்குத் தலை நரைத்தது. 2020 மார்ச் மாதம், மயிலாப்பூர்க் குடும்பம் ஒன்றும் நங்கநல்லூர்க் குடும்பம் ஒன்றும் எங்களிடம் புக் செய்திருந்தன. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் ஒரே கப்பல், அடுத்தடுத்த கேபின், ஏப்ரல் பயணம். மார்ச் 10-ம் தேதி, புக்கெட்டிலும் மலேசியாவிலும் ஆட்களை இறக்க விடாமல் திருப்பப்பட்ட ‘கோஸ்டா ஃபார்ச்சூனா’ சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது. அதை டிவியில் பார்த்த மயிலாப்பூர்க்காரர் மறுநாள் காலை நாங்கள் ஷட்டரைத் தூக்கும் முன்பே வாசலில் நின்றார். “சார், ரெண்டு நாள் பொறுங்க” என்றேன், கேட்கவில்லை. பயணத் தேதிக்கு இத்தனை நாள் இருக்கும்போது கேன்சல் செய்தால் இத்தனை சதவீதம் பிடிப்போம் என்று ஒரு பட்டியல் இருக்குமே, அதன்படி சரிபாதி போயிற்று. 13-ம் தேதி வெள்ளிக்கிழமை, சொகுசுக் கப்பல் எதுவும் வரக்கூடாது என்று சிங்கப்பூர் கதவைச் சாத்தியது. பயணத்தைக் கம்பெனியே ரத்து செய்தது. மகள் பரீட்சை மும்முரத்தில் எங்களுக்கு ஒரு போன்கூடச் செய்யாத நங்கநல்லூர்க்காரருக்கு முழுப் பணமும் வந்தது. கொஞ்சம் தாமதமாக வந்தது, ஆனாலும் முழுசாக வந்தது.

நீங்கள் ரத்து செய்தால் அது உங்கள் விருப்பம், பிடித்தம் உண்டு. கம்பெனி ரத்து செய்தால் அது அவர்கள் சேவை தரத் தவறியது. கொரோனா வந்த பிறகு கப்பல்காரர்கள் கொஞ்சம் இளகினார்கள் என்பதும் உண்மைதான். ராயல் கரீபியன் 2020 மார்ச்சில், கிளம்ப 48 மணி நேரம் முன்பு வரைகூட வேண்டாம் என்று சொல்லலாம் என்றது. ஆனால் கையில் கிடைப்பது ரொக்கம் இல்லை, அடுத்த பயணத்துக்கான கிரெடிட். நல்ல நிலையில் இருக்கும் கம்பெனி என்றால் அந்தக் கிரெடிட்டுக்கு மதிப்பு உண்டு. உங்கள் கப்பலின் தாய்க் கம்பெனி இன்றைக்கு இருக்கும் நிலையில் அதை நான் தொடமாட்டேன்.

அந்தத் தாய்க் கம்பெனியான ஜென்டிங் ஹாங்காங், தன்னைக் கலைக்கச் சொல்லி ஜனவரி 18-ம் தேதி பெர்முடா நீதிமன்றத்தில் மனுப் போட்டது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் ஜெர்மனியில் அதன் எம்வி வெர்ஃப்டன் கப்பல் கட்டும் தளம் திவால் மனுக் கொடுத்திருந்தது. இதே குழுமத்தின் ‘கிரிஸ்டல் சிம்ஃபனி’ ஜனவரி 22-ம் தேதி மயாமிக்கு வந்து சேர வேண்டியது. எரிபொருள் பாக்கிக்காக அமெரிக்க நீதிமன்றம் கப்பலையே கைது செய்ய உத்தரவு போட்டிருந்ததால், பஹாமாஸில் உள்ள பிமினி தீவுக்குத் திருப்பிக்கொண்டு போனார்கள். பயணிகளை ஃபெர்ரியில் ஏற்றி ஃபுளோரிடா அனுப்பினார்கள். ஆமாம், கப்பலைக் கைது செய்யலாம். கடல்வழிச் சட்டத்தில் அது சர்வ சாதாரணம்.

‘டிரீம்’ கப்பல்கள் தொடர்ந்து ஓடும் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது, இப்போதைக்கு ஓடவும் செய்கிறது. குழுமத்தின் சொத்து மதிப்பைக் காப்பாற்றத்தான் ஓட்டுகிறார்கள், நம் வீட்டுப் பிள்ளையின் லீவுக்காக இல்லை. ஓட்டி லாபமில்லை என்று கலைப்பாளர்களுக்கு (கம்பெனியைக் கலைத்துக் கணக்கு முடிக்க நீதிமன்றம் வைத்தவர்கள்) தோன்றுகிற அன்றைக்கு நிறுத்திவிடுவார்கள். அப்போது முன்பணம் கட்டிய பயணி, கம்பெனியிடமிருந்து பணம் வரவேண்டியவர்கள் வரிசையில், பிணை ஏதும் இல்லாத கூட்டத்தோடு, பந்தியில் கடைசி இலைக்குக் காத்திருக்க வேண்டும்.

அதனால்தான் அந்த 80 வெள்ளித் தள்ளுபடியைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேநவ்வில் அனுப்பும் பணம் பட்டென்று போய்விடும், பட்டென்று திரும்பாது. கிரெடிட் கார்டு அப்படி இல்லை. சொன்ன சேவை கிடைக்கவில்லை என்றால், கார்டு கொடுத்த வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பயணம் நடந்திருக்க வேண்டிய நாளிலிருந்து பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு, உங்கள் வங்கியில் எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நீங்களே கேன்சல் செய்திருந்தால் வங்கி கைவிரித்துவிடும். சேவையைத் தர மறுத்தது அவர்கள் இல்லையே, நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள் என்பார்கள். கணவர் சொல்வது போல் அவசரப்பட்டால் உங்கள் கையில் இருக்கும் ஒரே கயிறும் நழுவிவிடும்.

அந்த 640 வெள்ளி கட்டிய மாதத்தின் கார்டு ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பாருங்கள். அந்த வரியில் கப்பல் கம்பெனி பெயர் இருக்கிறதா, ஏஜென்சி பெயர் இருக்கிறதா? ஏஜென்சி பெயர் என்றால் வங்கியின் கேள்வி முதலில் ஏஜென்சிக்குத்தான் போகும். அந்த ஏஜென்சி பயணத்துறைக் கழகத்தின் உரிமம் பெற்றதுதானா என்றும் பார்த்துவிடுங்கள். பிறகு மின்னஞ்சலில் (வாட்ஸ்அப்பில் வேண்டாம், குரல் பதிவில் வேண்டவே வேண்டாம்) இதைக் கேளுங்கள்: என் முன்பணம் கப்பல் கம்பெனிக்குப் போய்விட்டதா, உங்களிடமே இருக்கிறதா? கம்பெனி பயணத்தை ரத்து செய்தால் பணமாகத் தருவீர்களா, கிரெடிட்டாகவா? ஏறும் முன் பரிசோதனையில் நாலு பேரில் ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்தால் மற்ற மூன்று பேர் பணம் என்னாகும்? பாக்கிக் கெடுவைத் தள்ளிப்போட முடியுமா? மூன்றாவது கேள்விக்குத்தான் ஏஜென்ட்டுகள் மழுப்புவார்கள். விடாதீர்கள்.

இனி, போகலாமா என்பதற்கு வருகிறேன். கடலில் ஒரு கொரோனா கேஸ் வந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே இரண்டு உதாரணம் இருக்கிறது. 2020 டிசம்பரில் ‘குவான்டம் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் 83 வயதுப் பெரியவர் ஒருவருக்குப் பாசிட்டிவ் என்று வந்ததும், 1,680 பயணிகளோடு கப்பல் பாதியில் திரும்பியது. எல்லோரும் கேபினுக்குள் அடைந்து கிடந்தார்கள். கரையில் மறுபடி சோதித்ததில் அவருக்குத் தொற்றே இல்லை! 2021 ஜூலை 14 அன்று உங்கள் ‘வேர்ல்ட் டிரீம்’ கப்பலும் இப்படித்தான் ஒரு பயணிக்காகத் திரும்பி வந்தது. இரண்டிலும் பயணிகள் பத்திரமாகத்தான் இறங்கினார்கள். பயணம்தான் பாழ். எனவே உயிர்ப் பயத்தைவிட, மூடிய கேபினில் நாலு பேர் ஒரு நாள் முழுக்க உட்கார முடியுமா என்று யோசியுங்கள். ஜன்னலில்லாத உள்கேபின் என்றால் மாமியாருக்கு நிச்சயம் கஷ்டம். நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டிய சர்க்கரைக்காரருக்கு, கதவருகே எப்போது தட்டு வரும் என்று தெரியாமல் இருப்பது லேசான விஷயம் இல்லை. மூன்றாவது ஊசி போட்டிருக்கிறாரா, அவருடைய டாக்டர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். சிங்கப்பூரில் 5 முதல் 11 வயதுக்காரர்களுக்கு டிசம்பர் 27-ல்தான் ஊசி தொடங்கியது. மகனுக்கு இரண்டு தவணையும் மார்ச்சுக்குள் முடியுமா என்றும் கணக்குப் போடுங்கள்.

என் முடிவு இது. கேன்சல் செய்யாதீர்கள், பாக்கியும் கட்டாதீர்கள். கெடு நாள் சாயங்காலம் வரை பொறுத்திருங்கள். அதற்குள் கம்பெனியே நிறுத்தினால் 640 வெள்ளிக்காக அன்றைக்கே வங்கிக்கு எழுதுங்கள். கெடுவைத் தள்ளிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் நடக்காமல், மாமியாரின் டாக்டரும் சரி என்றால், 960-ஐக் கார்டில் மட்டும் கட்டுங்கள். கார்டு வாங்கமாட்டேன் என்றால் முன்பணம் போனால் போகட்டும். 640-ஐக் காப்பாற்றுவதற்காக 960-ஐ இருட்டில் எறிய வேண்டாம். வாங்கிய செருப்பு வீணாகாது. மெரினா சவுத் பியரிலிருந்து செயின்ட் ஜான் தீவுக்கு ஃபெர்ரி போகிறது, மாமியாரைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்.

கேள்வி: மும்பையிலிருந்து கோவா போகும் கப்பலில் பிப்ரவரிக் கடைசியில் இடம் போட்டிருக்கிறேன். ஜனவரியில் வந்த செய்தியைப் பார்த்துவிட்டு மகன் பயமுறுத்துகிறான். பணம் திரும்பாது, தேதி வேண்டுமானால் மாற்றித் தருகிறோம் என்கிறார்கள். மாற்றிக்கொள்ளலாமா?
*(வாசகர், செம்பூர்)*

பதில்: ஜனவரி 3-ம் தேதி கார்டீலியா கப்பலில் நடந்ததைச் சொல்கிறீர்கள். முதலில் ஊழியர் ஒருவருக்குத் தொற்று. மர்மகோவா துறைமுகத்தில் நிறுத்தி எல்லோரையும் சோதித்ததில் 66 பேருக்குப் பாசிட்டிவ். கோவாவில் இறங்கிச் சிகிச்சைக்குப் போகச் சொன்னதற்குப் பலர் மறுத்ததால் கப்பல் மும்பைக்கே திரும்பியது. புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்கு 2,000 பேர் வரை ஏறிய கப்பல் அது. பிப்ரவரிக் கடைசிக்குள் அலை தணிந்துவிடலாம், தணியாமலும் போகலாம். நான் ஜோசியம் சொல்வதில்லை.

தேதி மாற்றம் இலவசம் என்று சொல்லிவிட்டு, புதிய தேதியின் கட்டண வித்தியாசத்தைக் கேட்பார்கள். அந்தத் தொகை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு தலையாட்டுங்கள். ஒருமுறை மாற்றினால் மறுபடி மாற்ற முடியுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மட்டும் வேண்டாம். மழைக்கால அரபிக்கடலில் கொரோனா இல்லாவிட்டாலும் வயிற்றைப் பிரட்டும்.

கேள்வி: டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் கேன்சல் செய்த பணம் முழுக்கக் கிடைத்துவிடும்தானே?
*(வாசகி, கோயம்புத்தூர்)*

பதில்: கிடைக்காது. பயமாக இருந்தது, மனசு மாறிவிட்டது என்பதெல்லாம் சாதாரண பாலிசியில் காரணமே இல்லை. டாக்டர் சான்றிதழோடு உடம்பு சரியில்லை என்றால் கொடுப்பார்கள், சில பாலிசிகளில் பாசிட்டிவ் வந்தாலும் கொடுப்பார்கள். அரசுக் கட்டுப்பாட்டால் நின்ற பயணத்தைப் பல பாலிசிகள் விலக்கி வைத்திருக்கின்றன. கம்பெனி திவாலுக்கு ஈடு தரும் பாலிசிகள் சில உண்டு. ஆனால் திவால் செய்தி பேப்பரில் வந்த பிறகு வாங்கினால் பயனில்லை. ஏஜென்ட் காட்டும் கலர் நோட்டீஸை விட்டுவிட்டு, ‘எவையெல்லாம் அடங்காது’ என்று பொடி எழுத்தில் இருக்கும் பக்கத்தைப் படியுங்கள்.

கேள்வி: மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். விடிஎல் விமானத்தில் (ஊசி போட்டவர்கள் தனிமைப்படுத்தல் இல்லாமல் வரும் சிறப்பு விமானம்) வாருங்கள், இங்கே எல்லோருமாகக் கப்பலிலும் போகலாம் என்கிறாள். நானும் மனைவியும் ஓய்வு பெற்றவர்கள். கப்பலை இப்போதே புக் செய்யச் சொல்லட்டுமா?
*(வாசகர், தாம்பரம்)*

பதில்: வேண்டாம் சார். முதலில் விமானம் ஏறும் வழியைப் பாருங்கள். விடிஎல் டிக்கெட் விற்பனையை டிசம்பர் 23 முதல் ஜனவரி 20 வரை நிறுத்தியே வைத்திருந்தார்கள். இப்போது திறந்தும் பாதி இடம்தான். மேலும், எந்த ஊருக்கும் போகாத அந்தக் கப்பல் பயணங்கள் சிங்கப்பூரில் வசிப்பவர்களுக்கென்று தொடங்கப்பட்டவை. வெளியூரிலிருந்து வரும் அப்பா அம்மாவை ஏற்றுவார்களா என்று மகளை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஏற்றுவோம் என்றாலும், நீங்கள் போய் இறங்கிப் பரிசோதனை முடிந்த பிறகு புக் செய்தால் போதும்.

திரும்பும் தேதியை இப்போதே யோசித்து வையுங்கள். ஜனவரி 11 முதல் வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லோருக்கும் 7 நாள் வீட்டுத் தனிமை, 8-ம் நாள் ஆர்டிபிசிஆர் பரிசோதனை என்று இந்தியாவில் விதி. வந்த வாரமே ஏதாவது கல்யாணம் காட்சி இருந்தால் டிக்கெட்டை அதற்கேற்ப முன்கூட்டியே போடுங்கள்.