ஊறப்போட்ட ட்ரேயும் கட்டிபட்ட கிரேவியும்

கேள்வி: போன நத்தாருக்கு முழுக்கோழி றோஸ்ட் செய்தேன். கோழி நன்றாக வந்தது, கிரேவிதான் காலை வாரிவிட்டது. ட்ரேயை ஊறப்போட்டுவிட்டு, இரண்டு சூப் கட்டியைத் தண்ணீரில் கொதிக்கவைத்து மேலே கோதுமை மாவைத் தூவினேன். கட்டி கட்டியாகிவிட்டது, உப்பும் கரித்தது. பிள்ளைகள் சில்லி சோஸ் கேட்டார்கள். இந்த முறை கனடாவிலிருந்து மச்சாள் குடும்பம் வருகிறது. என்ன செய்யலாம்?
— வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: கோழியை எடுத்த கையோடு ட்ரேயை ஊறப்போட்டீர்களே, உங்கள் கிரேவி அப்போதே குழாயடிக்குப் போய்விட்டது. ட்ரேயின் அடியில் பழுப்பாகப் பிடித்திருப்பது அழுக்கு இல்லை, கோழியிலிருந்து வடிந்த சாறு சுண்டியது. மீன் பொரித்த தாச்சியில் சோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்த முறை ட்ரேயில் ஒரு பெரிய வெங்காயத்தையும் கரட்டையும் தடித்த துண்டுகளாக வெட்டிப் பரப்பி, அதன்மேல் கோழியை வையுங்கள். இடையில் ட்ரே வறண்டால் அரைக் கோப்பை தண்ணீர் விடுங்கள். பழுப்பாக இருக்கும்வரை ருசி, கறுத்தால் கசப்பு. மிளகாய்த்தூளோ சீனியோ பூசிய கோழி என்றால் சீக்கிரம் கருகும், கண் வைத்திருங்கள்.

கோழிக்கடையில் கழுத்தையும் இரைப்பையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றோடு வெங்காயம், உள்ளி, நாலைந்து மிளகு போட்டு, நாலு கோப்பை தண்ணீரில் ஒரு மணித்தியாலம் மெல்லிய நெருப்பில் அவித்து வடித்தால் சூப் கட்டியே வேண்டாம். ஈரலைப் போடாதீர்கள், கசந்துவிடும். உப்பும் இப்போது வேண்டாம். இதை முதல் நாளே செய்து பிரிட்ஜில் வைக்கலாம்.

கோழி வெந்ததும் வெளியே எடுத்து 15 நிமிடம் ஆறவிடுங்கள். கிரேவி அதற்குள் முடிந்துவிடும். ட்ரேயில் உள்ள சாற்றைக் கண்ணாடித் தம்ளரில் வடித்தால் எண்ணெய் மேலே மிதக்கும். அதில் 3 மேசைக்கரண்டி எடுத்துத் தாச்சியில் விடுங்கள். போதாவிட்டால் பட்டர் சேருங்கள். மிச்ச எண்ணெயை ஒதுக்கிவிட்டு, அடியில் நிற்கும் சாற்றைப் பத்திரப்படுத்துங்கள். ட்ரேயில் சூடான அவித்த சாற்றைக் கொஞ்சம் விட்டு, மர அகப்பையால் அடியைச் சுரண்டி எடுங்கள். கண்ணாடி ட்ரேயை மட்டும் அடுப்பில் வைத்துவிடாதீர்கள். நான் ஒருமுறை வைத்து, அது 'டக்' என்று வெடித்து, வந்தவர்களுக்கு வெறும் கோழியையும் பாணையும் கொடுத்தேன். சுரண்டி முடிந்ததா? சரி, இப்போது ட்ரேயைத் தாராளமாக ஊறப்போடலாம்.

அடுத்தது உங்கள் கட்டிப் பிரச்சினை. நம் ஊர்க் கடைகளில் விற்கும் மா பெரும்பாலும் சீனன்குடா ஆலையில் அரைத்தது, மாவில் குற்றமில்லை. கொதிக்கிற தண்ணீரில் மாவைத் தூவினால் வெளிப்பக்கம் உடனே பசையாகி, உள்ளே மா காய்ந்தபடி அடைபட்டுவிடும். கூழுக்கு மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைப்பது இதற்காகத்தானே? கிரேவியில் அந்த வேலையை எண்ணெய் செய்கிறது. ஒவ்வொரு துகளையும் அது பிரித்து வைக்கும்.

தாச்சியில் எண்ணெய் சூடானதும் 3 மேசைக்கரண்டி மாவைப் போட்டு மெல்லிய நெருப்பில் கிண்டுங்கள். பச்சை மா மணம் போய் பிஸ்கட் சுடுகிற மணம் வரும். நிறமும் மெல்லப் பொன்னிறமாகும். அதிகம் கறுக்க வறுத்தால் மாவின் தடிப்பாக்கும் சக்தி குறைந்துவிடும். அப்புறம் சூடான சாற்றை ஓர் அகப்பை விடுங்கள். உடனே களிபோல் இறுகும், பயப்படாதீர்கள், விடாமல் கிண்டுங்கள். அடுத்த அகப்பைக்கு இளகத் தொடங்கும். சுரண்டியது, தம்ளரில் வைத்த சாறு, அவித்த சாறு எல்லாம் சேர்த்து 2 கோப்பை போதும். ஐந்து நிமிடம் கொதிக்கட்டும். கரண்டியின் முதுகில் விரலால் ஒரு கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். ஆறும்போது இன்னும் தடிக்கும் என்பதால் கொஞ்சம் இளக்கமாகவே இறக்குங்கள்.

கடைசியில் ருசி பார்த்து உப்பு. கோழியில் பூசிய உப்பு ஏற்கெனவே சாற்றில் இருக்கிறது. நாலு சொட்டுத் தேசிப்புளி விட்டால் எண்ணெய்ப் பிசுக்குத் தெரியாது. இவ்வளவுக்கும் பிறகு கட்டி பட்டால் தேயிலை வடியில் வடித்துவிடுங்கள், மச்சாளுக்குச் சொல்லவேண்டியதில்லை. கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டால் என்ன என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். விடலாம், ருசியாகத்தான் இருக்கும், ஆனால் அது கோழிக்குழம்பின் தம்பி, கிரேவி இல்லை.

மிஞ்சினால் பிரிட்ஜில் வையுங்கள், இறுகிப்போகும். காலையில் கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டு நன்றாகக் கொதிக்கவைத்து, றோஸ்ட் பாணைத் தோய்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.