எரியும் பாஸ்பரஸ், எரியாத பாஸ்பேட்

பெங்களூரில் 26 வருஷம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். பாஸ்பேட் அளவு பார்ப்பது என் அன்றாட வேலை. அது தெரிந்து நம் ஊர்க்காரர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (விவேக் நகர்): ஐயா, என் பையன் ஆறாவது படிக்கிறான். தீப்பெட்டியில் பாஸ்பரஸ் இருப்பது குச்சியிலா, பெட்டியிலா என்று கேட்கிறான்.

பெட்டியில்தான் அம்மா. பக்கவாட்டுப் பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும் இருக்கும். குச்சி முனையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். இரண்டும் உரசினால்தான் தீ. சுவரில் தேய்த்தால் பற்றாது, பையனுக்குச் செய்தே காட்டுங்கள். முன்பு குச்சியிலேயே வெள்ளைப் பாஸ்பரஸ் வைத்தார்கள். அதன் புகையில் தொழிலாளிகளுக்குத் தாடை எலும்பே அழுகியது. 1913-இல் இந்தியாவில் அதற்குச் சட்டம் போட்டுத் தடை விதித்தார்கள்.

பாஸ்பரஸ் ஆக்சிஜனோடு சேர்ந்து அடங்கிய நிலைதான் பாஸ்பேட். ஒரு வகையில் அது எரிந்து முடிந்த சரக்கு. சாம்பலைக் கொளுத்த முடியாது இல்லையா? நம் எலும்பிலும் பல்லிலும் இருப்பது கால்சியம் பாஸ்பேட். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கேள்விகள் தீர்ந்துவிடும்.

கேள்வி (பெல்லந்தூர்): அப்படியானால் எங்கள் ஏரி எரிந்தது எப்படி? சோப்புத்தூள் பாஸ்பேட்தான் காரணம் என்கிறார்களே?

2015 மே மாதம் நுரையின் மேலேயே தீ ஓடியதை ஊரே பார்த்தது. ஆனால் பாஸ்பேட் எரியாது. எரியக்கூடியவை எண்ணெய்ப் பிசுக்கு, சாக்கடை அழுகி வரும் மீத்தேன், குப்பை, காய்ந்த களை. நுரையைக் கிளப்புவதும் பாஸ்பேட் இல்லை, சோப்புத்தூளில் அழுக்கு நீக்கும் இன்னொரு பொருள். கழிவுநீர் மதகில் விழுந்து கலங்கும்போது அது நுரைத்துப் பொங்குகிறது.

அதற்காக பாஸ்பேட்டை விட்டுவிட முடியாது. ஆகாயத்தாமரைக்குச் சோறு போடுவது அதுதான். கூடத்தில் தண்ணீர் மாதிரியில் மாலிப்டேட் கலவையைச் சேர்த்துப் பத்து நிமிஷம் வைப்போம். பாஸ்பேட் இருந்தால் நீலம் ஏறும். நல்ல தண்ணீரில் நிறம் தெரிகிறதா என்று வெள்ளைத் தாளை வைத்துத் தேட வேண்டும். அந்தப் பக்கத்து ஏரித் தண்ணீரையோ பத்து மடங்கு நீர்த்துத்தான் அளக்கவே முடிந்தது. களையை வாரிப் போட்டால் மட்டும் போதாது. சாக்கடையைச் சுத்திகரிக்காமல் உள்ளே விடும் வரை அது திரும்ப முளைக்கும். சோப்பு மட்டுமல்ல, நம் மலமூத்திரத்திலும் பாஸ்பேட் உண்டு. 1669-இல் ஹாம்பர்க்கில் ஹென்னிக் பிராண்ட் பாஸ்பரஸைக் கண்டெடுத்ததே மூத்திரத்தைக் காய்ச்சித்தான்.

கேள்வி (ராமமூர்த்தி நகர்): அண்ணா, மாடித் தோட்டத்துக்கு டிஏபி உரம் போட்டும் தக்காளி காய்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் போடலாமா?

வேண்டாம் தங்கச்சி. மூட்டையில் 18-46 என்று இருக்கும். 18 தழைச்சத்து (நைட்ரஜன்), 46 மணிச்சத்து, அதாவது பாஸ்பேட். இந்த ஊர்ச் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதிகம். அவை பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே தூவினால் மேலேயே நிற்கும், வேர் அருகே சிறிதளவு புதைத்துவிடுங்கள். மேலும் மேலும் கொட்டினால் செடிக்குத் துத்தநாகமும் இரும்பும் கிடைக்காமல் இளந்தளிர் மஞ்சளாகும். முதலில் வெயில் போதுமா என்று பாருங்கள்.

கேள்வி (மர்பி டவுன்): எல்எஃப்பி பேட்டரி ஸ்கூட்டர் பாதுகாப்பா சார்?

மற்ற லித்தியம் பேட்டரிகளைவிட நல்லது. அது லித்தியம் இரும்பு பாஸ்பேட். சூடேறினாலும் பாஸ்பேட் தன் ஆக்சிஜனை லேசில் விடாது. எடை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

கேள்வி (அல்சூர்): அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. பாஸ்பேட் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பருப்பை நிறுத்திவிடட்டுமா?

டாக்டரைக் கேட்காமல் பருப்பை நிறுத்தாதீர்கள். பருப்பில் இருப்பது உடம்பில் முழுதாகச் சேராது. பாக்கெட் உணவில் சேர்க்கும் பாஸ்பேட்தான் பெரும்பாலும் அப்படியே ரத்தத்துக்குப் போகும். பாக்கெட்டின் பின்பக்கம் 338 முதல் 341 வரை, 450 முதல் 452 வரை எண்கள் இருந்தால் அது பாஸ்பேட் வகை. கோலாவில் இருப்பது 338. அதை இன்றே நிறுத்துங்கள்.

கேள்வி (கே.ஆர்.புரம்): அரிசி மூட்டையில் வண்டு. கடைக்காரர் ஒரு மாத்திரை தந்தார், பாஸ்பைடு என்று எழுதியிருக்கிறது. பாஸ்பேட் மாதிரிதானே?

இல்லவே இல்லை. பாஸ்பைடில் பாஸ்பரஸ் ஆக்சிஜனோடு சேரவில்லை. அலுமினியம் பாஸ்பைடு காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற விஷ வாயுவை விடும். மூடிய அறையில் தூங்கும் குடும்பத்தையே கொன்றுவிடும், மாற்று மருந்தும் கிடையாது. அனுமதி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் மட்டும் கையாள வேண்டியது அது. டப்பாவைத் திறக்காதீர்கள், தண்ணீரில் போடாதீர்கள், அவர்களைக் கூப்பிட்டு ஒப்படையுங்கள். ஏற்கெனவே மூட்டைக்குள் போட்டிருந்தால் எல்லோரும் உடனே வெளியே வந்துவிடுங்கள், அப்புறம் 112-க்குப் போன் பண்ணுங்கள். அரிசியை எடுக்க உள்ளே போகாதீர்கள்.