14 மாதம், மூன்று கடை: தொடர்வதா, நிறுத்துவதா?

கேள்வி: ஈரோட்டில் இருக்கிறேன், வயது 27. பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, ஜவுளிக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றை 14 மாதமாகத் தனியாக எழுதி வருகிறேன். தினமும் 12 மணி நேரம் உட்காருகிறேன். இதுவரை மூன்று கடைகள்தான் வாங்கியிருக்கின்றன. கையில் இருக்கும் பணம் இன்னும் நான்கு மாதத்துக்கு வரும். எல்லாவற்றையும் புதிய நிரல் மொழியில் திருப்பி எழுதினால் நன்றாக விற்கும் என்று தோன்றுகிறது. அப்பா, "போதும், வேலைக்குப் போ" என்கிறார். விடாமல் தொடர்வதா?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திருப்பி எழுதாதீர்கள். அந்த மூன்று கடைக்காரர்களில் யாராவது, "தம்பி, இதை எந்த மொழியில் எழுதினீங்க?" என்று கேட்டிருக்கிறார்களா? 1997-இல் தன் இணைய உலாவியின் நான்காம் பதிப்பை வெளியிட்ட நெட்ஸ்கேப், பிறகு நிரலை அடியிலிருந்து எழுதப் போனது. அடுத்த பெரிய பதிப்பு வந்தது 2000 நவம்பரில். அதற்குள் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்ப்ளோரர் சந்தையைப் பிடித்துவிட்டது. ஆளும் பணமும் இருந்த நிறுவனத்துக்கே அந்த நிலை. உங்களிடம் இருப்பது நான்கு மாதம்.

உங்கள் உழைப்பில் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. அது போய்ச் சேரும் இடம்தான் சரியில்லை. ஒரு வாரம், எந்த மணி நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். 12 மணி நேரத்தில் கடைக்குள் கழிந்தது எவ்வளவு? பெரும்பாலும் பூஜ்யமாக இருக்கும். நானும் அப்படி இருந்தவன்தான். ஒரு மருந்துக் கடைக்கு எழுதிய மென்பொருளில் அறிக்கைகளை அழகாக்க மூன்று மாதம் செலவழித்தேன். கடைக்காரர் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது, காலாவதி நெருங்கும் மருந்துகளின் பட்டியல் ஒன்றுதான். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாள் நின்றிருந்தால் எனக்கு அது தெரிந்திருக்கும்.

டேலி என்ற கணக்கு மென்பொருள் எப்படிப் பிறந்தது என்பதை உங்களைப் போன்றவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. பெங்களூரில் தொழில் செய்த ஷியாம் சுந்தர் கோயங்கா, ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிபாகங்களும் விற்றுவந்தார். தன் கணக்கு வழக்குக்குப் பொருத்தமான மென்பொருள் கிடைக்காததால், கணிதம் படித்த மகன் பரத்திடம் ஒன்றை எழுதச் சொன்னார். 1986-இல் இருவரும் சேர்ந்து நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மென்பொருளைத் தினமும் பயன்படுத்தி, குறை சொல்லக்கூடிய ஒரு வியாபாரி வீட்டிலேயே இருந்தார். அந்த வசதி உங்களுக்கு இல்லை, அதனால் நீங்கள்தான் வியாபாரியிடம் போக வேண்டும்.

எங்கே, எப்போது போவது? கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் போனால், டீ வாங்கிக் கொடுத்து "நல்லா இருக்கு தம்பி" என்று அனுப்பிவிடுவார்கள். சனிக்கிழமை மாலை, முகூர்த்த நாளுக்கு முந்தைய வாரம், தீபாவளி நெருக்கம், இந்த நேரங்களில் போங்கள். பில் போடுபவருக்குப் பின்னால் பேசாமல் நின்று கவனியுங்கள். அவர் கை மவுஸைத் தேடுகிற ஒவ்வொரு முறையும் வரிசை நிற்கிறது. பாதி பில்லில் கரண்ட் போனால் என்ன ஆகிறது? கமிஷனுக்காக எந்த விற்பனையாளர் காட்டிய துணி என்று குறிக்க இடம் இருக்கிறதா? அப்புறம், புதுச் சரக்கு வந்து இறங்கும் நாளிலும் போங்கள். நிறம், அளவு வாரியாக ஒவ்வொன்றையும் பதிந்து ஸ்டிக்கர் ஒட்டுவதற்குள் கடையில் வேலை செய்யும் பெண்கள் படும் பாடு இருக்கிறதே, அதைப் பாதியாகக் குறைத்துக் கொடுத்தீர்கள் என்றால், உங்களைப் பற்றிப் பக்கத்துக் கடைக்கு அவர்களே சொல்வார்கள்.

விடாமுயற்சி என்பதை நான் இந்த இடத்தில்தான் பார்க்கிறேன். 2025 செப்டம்பர் 22-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஆயத்த ஆடைகளில் ஒன்றின் விலை 1,000 ரூபாய் வரை இருந்தால் 5 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் 12. அன்று முதல் 2,500 வரை 5, அதற்கு மேல் 18. மென்பொருளில் அந்த எண்களை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் 2,700 ரூபாய்ச் சட்டைக்குப் பில்லிலேயே 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் விலை 2,430 ஆகி, வரி 18-இலிருந்து 5-க்கு இறங்க வேண்டும். வரி விகிதத்தைப் பொருளின் பெயரோடு ஒட்டிவைத்திருந்தால் தவறாகப் போட்டுவிடும். பழைய விகிதத்தில் விற்ற துணி அதற்குப் பிறகு திரும்பி வந்தால், பழைய விகிதத்திலேயே கழிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஓர் இரவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிபார்த்து, காலையில் கடை திறக்கும்போது நேரில் போய் நிற்பவரை எந்தக் கடைக்காரரும் விடமாட்டார். அந்தக் கடைகளின் ஆடிட்டர்களையும் போய்ப் பாருங்கள். பத்துக் கடைகளுக்குக் கணக்குப் பார்க்கும் ஒருவர், உங்கள் மென்பொருளில் வரும் ஜிஎஸ்டி விவரங்கள் சுத்தமாக இருப்பதைக் கண்டால், அது எந்த விளம்பரத்தையும்விடப் பெரிது.

சரி, பணம். உங்கள் அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான்காவது மாதக் கடைசியில் வேலை தேடினால், கிடைத்ததை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். இன்றே பகுதிநேர வேலையோ ஒப்பந்த வேலையோ தேடுங்கள். ஒப்பந்த வேலைக்குப் பணம் கைக்கு வரவே ஒன்றிரண்டு மாதம் ஆகிவிடலாம். முழுநேர வேலை கிடைத்தாலும் போங்கள், அதில் தோல்வி எதுவும் இல்லை. காலையில் இரண்டு மணி நேரமும் சனிக்கிழமை மாலையும் மிஞ்சினால், மூன்று கடைகளைக் கவனிக்க அது போதும். நேர்முகத் தேர்வில், தெரிந்த மொழிகளை அடுக்குவதற்கு முன், "நான் எழுதிய மென்பொருளில் மூன்று கடைகள் தினமும் பில் போடுகின்றன" என்று சொல்லுங்கள். அதன் மதிப்பு கேட்பவருக்குத் தெரியும்.

மென்பொருளைத் தொடர்வதா என்பதை அந்த மூன்று கடைகளை வைத்தே முடிவு செய்யுங்கள். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தைக் கேளுங்கள். கூச்சப்பட்டு இலவசமாக விடாதீர்கள். மூவரில் இருவர் கொடுத்தால் தாராளமாகத் தொடரலாம். மென்பொருள் நின்ற அன்று கோபமாகப் போன் வருகிறதா என்பதையும் பாருங்கள். திட்டுகிறார் என்றால் அது இல்லாமல் அவருக்கு ஓடவில்லை. "பரவாயில்ல தம்பி, நோட்டுலயே எழுதிக்கிறோம், மெதுவா வாங்க" என்று அன்பாகச் சொன்னால்தான் கவலைப்பட வேண்டும். மூவருமே அப்படிச் சொன்னால், இந்த மென்பொருளை நிறுத்திவிடுங்கள். ஆனால் அவர்களுடைய கணக்கு முழுவதையும் எக்செல் கோப்பாக எடுத்து, நேரில் போய்க் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள். நாளைக்கு நீங்கள் வேறொன்றை எழுதிக்கொண்டு போகும்போது, ஏறப்போவது அதே கடைப் படிகளாக இருக்கலாம்.