மாபிளை உடைக்க முதல்

கேள்வி: வெள்ளவத்தையில் அப்பா கட்டிய வீட்டில்தான் இன்னும் இருக்கிறோம், 40 வருடத்துக்கு மேலான வீடு. நாங்கள் நாலு பேர், தண்ணீர் பில் மாதம் 20 யூனிட் தாண்டியதில்லை. போன மாதம் 45! பைப் பாஸ் வந்து பார்த்துவிட்டு, கேட்டிலிருந்து குசினி வரை தரையை உடைத்துத்தான் லீக்கைத் தேட வேண்டும் என்கிறார். விறாந்தைக்கு மாபிள் போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. இன்னொருவர், ஒழுகும் இடத்தில் கிளாம்ப் போட்டுச் சமாளிக்கலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது அண்ணா?
- ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம் தங்கச்சி. லீக் நிலத்துக்குக் கீழேதானா என்பதே இன்னும் தெரியவில்லை, அதற்குள் கடப்பாரையை எடுக்க என்ன அவசரம்?

இரவு எல்லோரும் படுத்து, மேல் தாங்கியும் நிரம்பிய பிறகு வீட்டில் எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு, டோர்ச்சோடு போய் மீட்டரைப் பாருங்கள். முகப்பில் சின்னதாக ஒரு சக்கரம் இருக்கும், மிகக் கொஞ்சம் தண்ணீர் போனாலும் அது சுற்றும். சுற்றுகிறதா? சரி, அடுத்ததாக மேல் தாங்கிக்குத் தண்ணீர் ஏறும் பைப்பில், தாங்கிக்குக் கிட்ட உள்ள வால்வைப் பூட்டிவிட்டு மறுபடி பாருங்கள். சக்கரம் நின்றுவிட்டால் நிலத்தடி லைனில் குற்றமில்லை. தாங்கி நிரம்பியதும் தண்ணீரை நிறுத்துகிற மிதவை வால்வ் (போல் வால்வ்) பழுதாகி ஓவர்ஃப்ளோ வழியாகத் தண்ணீர் கூரைப் பீலியில் போய்க்கொண்டிருக்கலாம், அல்லது டொய்லட் சிஸ்டன் (ஃப்ளஷ் தொட்டி) உள்ளுக்குள் சத்தமில்லாமல் ஒழுகலாம். சிஸ்டனில் கொஞ்சம் கேசரிக் கலர் கரைத்துவிட்டு, ஃப்ளஷ் பண்ணாமல் அரை மணி நேரம் விடுங்கள், கோப்பைக்குள் நிறம் வந்தால் அதுதான் கள்ளன். அப்படியானால் ஒரு வால்வ் மாற்றுகிற காசோடு போய்விடும்.

வால்வைப் பூட்டிய பிறகும் சுற்றினால் நிலத்தடி லைன்தான். உங்கள் கணக்கில் 25 யூனிட் கூடியிருக்கிறது. ஒரு யூனிட் 1,000 லீற்றர், ஆக மாதம் 25,000 லீற்றர். பெரிதாகத் தெரிந்தாலும் வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு அரை லீற்றரை விடக் கொஞ்சம்தான் கூட. ஈர்க்குக் கனத்தில் ஒரு ஓட்டை இருந்தால் போதும், கடற்கரைப் பக்கத்து மணல் நிலம் அதை அப்படியே குடித்துவிடும், மேலே ஈரம்கூடத் தெரியாது. அதனால்தான் தேடி உடைப்பதை நான் ஆதரிப்பதில்லை. பாஸ் ஓரிடத்தில் உடைப்பார், அங்கே இருக்காது, அப்புறம் பக்கத்தில்.

கிளாம்பும் வேண்டாம். அந்தக் காலத்து வீடென்றால் அநேகமாக ஜீ.ஐ. பைப்தான், அதாவது நாகம் பூசிய இரும்புக் குழாய்தான் போட்டிருப்பார்கள், அந்தப் பூச்சு தேய்ந்தால் இரும்பு துருப்பிடிக்கும், உப்புக் காற்றும் உப்பு மண்ணும் உள்ள இடத்தில் இன்னும் சீக்கிரம். ஓரிடத்தில் ஓட்டை விழுந்த பைப் மற்ற இடங்களில் மட்டும் புதிதாகவா இருக்கும்? ஒன்றை அடைத்தால் சில மாதத்தில் நாலு முழம் தள்ளி இன்னொன்று.

நான் சொல்வது இதுதான்: பழைய லைனை நிலத்துக்குள்ளேயே விட்டுவிடுங்கள். மீட்டருக்குப் பிறகு அதை வெட்டி மூடி போட்டு அடைத்துவிட்டு, பக்கத்து மதிலோரமாகச் சுற்றிக்கொண்டு தாங்கி வரைக்கும் புது லைன் இழுங்கள். நீளம் கூடும், நாலைந்து எல்போ கூடும், அவ்வளவுதான். மாபிளை உடைத்து மறுபடி போடுகிற செலவோடு ஒப்பிட்டால் அது காசே இல்லை. பீவீசீ என்றால் இலங்கைத் தர இலக்கமான எஸ்.எல்.எஸ். 147 என்று அச்சடித்த அழுத்தக் குழாயாகப் பார்த்து வாங்குங்கள், கழிவுத் தண்ணீருக்குப் போடும் மெல்லிசுக் குழாயைத் தலையில் கட்டிவிடுவார்கள். மீட்டர் அரை அங்குலமாக இருந்தாலும் தூரம் அதிகமென்பதால் முக்கால் அங்குலம் போடுவது நல்லது, உராய்வில் போகும் அழுத்தம் மிச்சம். வெயில் படும் இடத்தில் பெயின்ற் அடியுங்கள், இல்லாவிட்டால் நாளடைவில் நொறுங்கும். கழிவுக் கான் குறுக்கே வந்தால் அதற்கு மேலாகத்தான் கொண்டுபோக வேண்டும், கீழாக வேண்டவே வேண்டாம். கம் ஒட்டி ஒரு நாள் காயவிட்டு, தாங்கி வால்வைப் பூட்டியபடி தண்ணீரைத் திறந்து, மீட்டர்ச் சக்கரம் அசையாமல் நிற்பதைப் பார்த்த பிறகுதான் மண் மூட விட வேண்டும். பாஸ்மார் அன்றைக்கே மூடிவிட்டுக் காசு வாங்கத்தான் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

பலர் யோசிக்காத ஒன்றும் இருக்கிறது. பழைய வீடுகள் சிலவற்றில் கரண்ட் எர்த் வயரை இந்த இரும்புப் பைப்பில்தான் கட்டியிருப்பார்கள். பைப்பை வெட்டி பிளாஸ்டிக் போட்டால் எர்த் போய்விடும், ஃப்ரிட்ஜைத் தொட்டால் ஷொக் அடிக்கலாம். ஆகவே பைப்பில் கை வைக்க முதல் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள், தேவையென்றால் தனியாக எர்த் ரொட் அடிக்கட்டும்.

மீட்டர் வரைக்கும் நீர் வழங்கல் சபையின் பொறுப்பு, அதற்குப் பிறகு உங்களுடையது, அதனால் அந்த 45 யூனிட்டுக்கும் நீங்கள்தான் கட்ட வேண்டிவரும். யூனிட் கூடக் கூட ஒவ்வொரு யூனிட்டின் விலையும் ஏறும் என்பதால் வேலையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் பின்னேரமானால் தண்ணீர் நூல் மாதிரித்தான் வரும். மீட்டருக்குப் பிறகு லைனிலேயே ஒரு மோட்டர் பூட்டி இழுக்கலாமா? பக்கத்து வீட்டில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.
- வாசகர், தெஹிவளை

பதில்: பக்கத்து வீட்டார் இழுப்பதால்தான் உங்களுக்கு நூலாக வருகிறதோ என்னவோ! வேண்டாம் ஐயா, மெயின் லைனில் நேராக மோட்டர் பூட்டுவதற்கு அனுமதியில்லை. சட்டத்தை விடுங்கள், உறிஞ்சும்போது லைனுக்குள் அழுத்தம் குறைந்து, வெடிப்புள்ள இடங்களால் வெளியிலுள்ள அழுக்குத் தண்ணீர் உள்ளே வரும். கான் பக்கமாக ஓடும் பழைய பைப் என்றால் என்ன வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கீழே ஒரு தாங்கி வையுங்கள், இரவில் அழுத்தம் நன்றாக இருக்கும்போது அது தானாக நிரம்பும், அதிலிருந்து மோட்டரால் மேலே ஏற்றுங்கள்.

கேள்வி: காலையில் முதல் தண்ணீர் தேயிலைச் சாயம் போல வருகிறது. வாடகை வீடு. வீட்டுக்காரரிடம் சொன்னால் 'சபைத் தண்ணீரே அப்படித்தான்' என்கிறார்.
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: காலையில் மீட்டருக்குக் கிட்ட உள்ள பைப்பில் ஒரு வெள்ளைக் கோப்பையிலும், குசினிப் பைப்பில் இன்னொன்றிலும் பிடித்துப் பாருங்கள் அக்கா. இரண்டும் சாயமென்றால் 1939 என்ற இலக்கத்துக்கு ஃபோன் அடித்து நீர் வழங்கல் சபையிடம் சொல்லுங்கள். முதலாவது தெளிவாகவும் குசினியில் சாயமாகவும் இருந்தால், இரவு முழுக்கத் தண்ணீர் தேங்கி நின்ற வீட்டுப் பைப்பின் துருதான். இரண்டு கோப்பையையும் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து வீட்டுக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், அதற்கு மேல் அவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.