பாப் ஆல்பங்களில் வரும் முக்கோணமும் ஒற்றைக் கண்ணும் நிஜமாகவே சாத்தான் வேலையா?

ஆல்பம் அட்டையிலும் வீடியோவிலும் வரும் முக்கோணம், ஒற்றைக் கண், ஆட்டுத்தலை எல்லாம் மாந்திரீகக் குறிகளா என்று கேட்டிருக்கிறீர்கள். சிலவற்றில் மாந்திரீகம் உண்டுதான். ஆனால் ஊரார் கைகாட்டும் இடத்தில் அது இருப்பதில்லை. எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

எங்களுக்குத் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த். 80-களில் குடும்பத்தில் பாதிப் பேர் முருகன் கோயில், மீதிப் பேர் பெந்தகொஸ்தே சபை. ராக் இசையில் பிசாசு இருக்கிறது என்று சபையில் கேட்டுவிட்டு வந்த அத்தை, ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவின் இசைத்தட்டுகளை முற்றத்தில் பரப்பினார். பக்கத்தில் தகர டிரம்மில் நெருப்பு. பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் 1973 ஆல்பம், கறுப்பு அட்டையில் முக்கோணம். போச்சு. "அது பட்டகம், வெளிச்சம் உள்ளே போய் ஏழு நிறமாப் பிரியுது, பள்ளிக்கூடத்துல படிக்கலையா அக்கா?" என்று சித்தப்பா கெஞ்சியது எடுபடவில்லை.

அப்புறம் தாத்தாவின் முருகன் பாட்டுத் தட்டு கையில் வந்தது. அட்டையில் வேல், அதன் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முக்கோணம், நடுவில் ஓம். அத்தை ஒரு நொடி யோசித்துவிட்டு அதையும் டிரம் பக்கம் கொண்டுபோனார். தாத்தா நாற்காலியிலிருந்து எழுந்துவந்து பிடுங்கிக்கொண்டார். "அறுகோணச் சக்கரம்மா அது. உனக்குப் பேர் வச்சதே அதுக்கு எதிர்லதான்."

தப்பித்த இன்னொன்று லெட் ஸெப்பெலின் ராக் குழுவின் மூன்றாவது ஆல்பம், 1970. அட்டைக்குள் ஒரு சக்கரம். விளிம்பைத் திருகினால் ஓட்டைகள் வழியே படம் மாறும். மேலே வண்ணத்துப்பூச்சி, விமானம். பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் என்று அத்தை விட்டுவிட்டார். கப்பலில் வேலை பார்த்த ஒருவர் லண்டனிலிருந்து வாங்கிவந்த முதல் பதிப்பு அது. தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வழவழப்பான வளையத்தில் ஊசியால் கீறிய எழுத்து தெரியும்: 'நீ விரும்பியதைச் செய்' என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி. அலைஸ்டர் குரோலி என்ற ஆங்கில மாந்திரீகரின் கொள்கை வாசகம். அந்தக் குழுவின் கிட்டார்காரர் ஜிம்மி பேஜ் குரோலியின் பக்தர், ஸ்காட்லாந்தில் ஏரிக்கரையில் குரோலி வாழ்ந்த வீட்டையே விலைக்கு வாங்கியவர். அதையெல்லாம் அவர் மறைக்கவும் இல்லை.

இப்போதைய வீடியோக்களுக்கு வருவோம். அமெரிக்க ராப் பாடகர் ஜே-ஸீ இரண்டு கையையும் சேர்த்துக் காட்டுவதை இல்லுமினாட்டிக் குறி என்பார்கள். அது அவர் கூட்டாகத் தொடங்கிய ராக்-அ-ஃபெல்லா இசைக் கம்பெனியின் வைரச் சின்னம். இல்லுமினாட்டி 1776-ல் பவேரியாவில் தொடங்கிய ஒரு ரகசியச் சங்கம். அந்த ஊர் அரசாங்கம் 1785-க்குள் தடை போட்டு முடித்துவிட்டது. முக்கோணத்துக்குள் இருக்கும் கண், கடவுள் பார்க்கிறார் என்று காட்டக் கிறிஸ்தவ ஓவியர்கள் பல காலம் வரைந்ததுதான். அத்தையிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. ஆட்டுத்தலை உருவம் 19-ஆம் நூற்றாண்டில் எலிஃபாஸ் லெவி என்ற பிரெஞ்சுக்காரர் வரைந்த படத்திலிருந்து வருகிறது. மெட்டல் ராக் குழுக்கள் அதைப் போடுவது பெரும்பாலும் பெற்றோருக்கு எரிச்சல் மூட்டத்தான் என்பது என் கணிப்பு. அப்பா திட்டினால் பையன் கட்டாயம் வாங்குவான்.

அந்த ஸெப்பெலின் தட்டு இப்போது என்னிடம். அத்தை வீட்டுக்கு வந்தால் பேரப்பிள்ளைக்கு அந்தச் சக்கரத்தைத் திருகிக் காட்டுவார். லேபிள் பக்கத்தில் என்ன கீறியிருக்கிறது என்று நான் இன்னும் சொல்லவில்லை.