பத்து வயது மகள் பாலே நடனக் கலைஞராக ஆசைப்படுகிறாள். வேலூரில் இருந்துகொண்டு இது நடக்குமா? எப்போது நுனிக்காலில் நிற்பாள்?

நடக்கும். ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வியைப் படித்ததும் மனம் பதறியது. அதற்காகவே இந்தப் பதில்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ தொழிற்சாலையில் அப்பர் (ஷூவின் மேற்பகுதி) தைக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். என் மகளுக்கு இப்போது 20 வயது. ஏழு வயதில் சத்துவாச்சாரியில் பரதம் கற்கத் தொடங்கினாள். பத்து வயதில் பாலே ஆசை பிடித்துக்கொண்டது. சனிக்கிழமைதோறும் விடியற்காலையில் காட்பாடியில் ரயில் ஏறி, 130 கிலோமீட்டர் பயணம் செய்து சென்னைக்குப் போவோம், இரவில் திரும்புவோம்.

ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஆண்டு விழாவுக்காக அங்கிருந்த ஆசிரியர் ஒருவர் அவளுக்கு நுனிக்காலில் நிற்பதற்கான பாயின்ட் ஷூவை மாட்டிவிட்டார். எனக்கும் பெருமையாக இருந்தது, தடுக்கவில்லை. விழாவுக்கு முன்பே கணுக்கால் வீங்கிவிட்டது. இரண்டு மாதம் ஆடவே கூடாது என்றார் மருத்துவர். வளரும் பிள்ளையின் பாத எலும்புகள் முற்றியிருப்பதில்லை. சில ஆண்டுகள் முறையாகப் பயின்று, பொதுவாக 11, 12 வயதுக்குப் பிறகுதான், அதுவும் கணுக்காலும் இடுப்பும் வலுத்திருக்கின்றனவா என்று பார்த்துத்தான் நுனிக்காலுக்கு அனுப்ப வேண்டும்.

அந்த ஷூவை வீட்டில் பிரித்துப் பார்த்தேன். வெளியே பளபளக்கும் சாட்டின். விரல் நுழையும் முனையில் துணியும் தாளும் பசையும் அடுக்கடுக்காக இறுகிக் கல் போல் கிடந்தன. அடியில் விறைப்பான ஒரு பட்டை. அவ்வளவுதான். வியர்வையில் பசை இளகினால் ஷூவின் ஆயுள் முடிந்தது. பெரிய குழுக்களில் முக்கிய வேடம் ஆடுபவர் ஒரே இரவில் ஒரு ஜோடியைத் தீர்த்துவிடுவதுண்டு. இத்தனை ஆண்டுகளாக ஷூ தைத்தவன் நான். இதை நம்பியா பிள்ளையின் முழு எடையையும் நிறுத்தினோம் என்று அன்று தூக்கம் வரவில்லை.

பரதத்தை நிறுத்திவிடாதீர்கள். பரதத்தில் முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டியில் முழங்கால்கள் வெளிப்புறம் பார்க்க வேண்டுமானால் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். பாலேயில் முழங்காலை மடக்கும் ப்ளியேவுக்கும் அதே விதிதான். பாதத்தை மட்டும் திருகிச் சமாளித்தால் முழங்கால் கெடும். ஓய்வுக்குப் பின் என் மகளை மீண்டும் நிமிர்த்தியது சத்துவாச்சாரி ஆசிரியைதான். ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் குழுவில் ஆடிய கிளியோ நோர்டியிடம் பாலே பயின்ற பிறகே கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி பரதத்துக்கு வந்தார் என்று சொல்லி அவளைத் தேற்றியதும் அவர்தான்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். வெல்டர் ஒருவரின் மகனான அமீருதீன் ஷா, மும்பையில் பாலே ஆசிரியர் யெஹுதா மாவோரிடம் பயின்று 2017-இல் லண்டன் ராயல் பாலே பள்ளியில் சேர்ந்தார். ஆக, வழி இருக்கிறது. ஆனால் ஆண்கள் வழக்கமாக நுனிக்காலில் ஆடுவதில்லை. தாமதமாகத் தொடங்கினாலும் ஓரளவு ஈடுகட்டலாம். பெண்களுக்கு அந்த அவகாசம் குறைவு. வெளிநாட்டுக் குழுக்களில் 18, 19 வயதிலேயே சேர்ந்துவிடுகிறார்கள்.

என் மகள் இரண்டு இடங்களில் தேர்வுக்குப் போனாள், கிடைக்கவில்லை. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது பெங்களூரில் ஒரு நவீன நடனக் குழுவில் ஆடுகிறாள். வாடகை போகக் கையில் நிற்பது கொஞ்சம்தான். மாலையில் சிறுவர்களுக்கு பாலே சொல்லித் தருகிறாள். அவளுடைய வகுப்பில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு மெல்லிய தோல் ஷூ மட்டும்தான். பெற்றோர் எவ்வளவு வற்புறுத்தினாலும் அசைந்துகொடுப்பதில்லை.