புது அப்டேட் வரலைன்னா போனை மாத்தணுமா?

ஆண்ட்ராய்டு 16 வந்தது 2025 ஜூன் 10ஆம் தேதி. ஐபோனுக்கான ஐஓஎஸ் 26 வந்தது அதே வருஷம் செப்டம்பர் 15. அதிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் அப்டேட் பேச்சுதான் அதிகம். கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பியவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): ஸ்கிரீன் கார்டு மாத்த என் வீட்டுக்காரர் லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடைக்குப் போனார். "இந்த போனுக்கு ஆண்ட்ராய்டு 16 வராது, பேங்க் ஆப் எல்லாம் சீக்கிரம் நின்னுடும், எக்ஸ்சேஞ்ச்ல மாத்திடுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வாங்கி இரண்டரை வருஷம்தான் ஆகுது. நல்லாவே ஓடுது. மாத்தணுமா மேடம்?

பதில்: வேண்டாம். கடையில் இரண்டு விஷயத்தைச் சேர்த்துக் குழப்பிவிட்டார்கள். ஆண்ட்ராய்டு 14, 15, 16 என்று ஏறுவது ஒன்று. கூகுள் மாதாமாதம் வெளியிட, போன் கம்பெனிகள் தங்கள் மாடலுக்கு ஏற்றபடி அனுப்பும் செக்யூரிட்டி பேட்ச், அதாவது பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் சின்ன அப்டேட், வேறொன்று. முதலாவது நின்ற பிறகும் பல மாடல்களுக்கு இரண்டாவது தொடர்ந்து வரும். உங்கள் பேங்க் பணத்துக்குக் காவல் இந்த இரண்டாவதுதான்.

செட்டிங்ஸில் 'அபவுட் போன்' போங்கள். ஆண்ட்ராய்டு வெர்ஷனைத் தொட்டால் 'செக்யூரிட்டி அப்டேட்' என்று ஒரு தேதி தெரியும். மூன்று நான்கு மாதத்துக்குள் என்றால் நிம்மதியாக ஓட்டுங்கள். தேதி ஒரு வருஷத்துக்கும் முந்தையது, புதிதாக ஒன்றும் வருவதில்லை என்றால் அடுத்த போனுக்குக் காசு சேர்க்கத் தொடங்கலாம். ஆப் நின்றுவிடும் என்ற பயத்துக்கும் ஒரு கணக்கு சொல்கிறேன்: வாட்ஸ்அப் 2025 ஜனவரியில்தான் ஆண்ட்ராய்டு 4.4ஐக் கைவிட்டது. அது 2013இல் வந்த வெர்ஷன்.

16இல் கண்ணுக்குத் தெரிகிற புதுசு என்ன? ஆர்டர் செய்த சாப்பாடு எங்கே வருகிறது என்று பூட்டிய திரையிலேயே காட்டும் 'லைவ் அப்டேட்ஸ்' ஒன்று. ஒரே ஆப்பிலிருந்து குவியும் அறிவிப்புகளைக் கட்டாகச் சேர்த்து வைப்பது இன்னொன்று. நல்ல வசதிகள்தான். ஆனால் இதற்காக ஒரு மாதச் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

பயன் அதிகமுள்ள சில வசதிகளுக்குப் புது வெர்ஷனே தேவையில்லை. போனை யாராவது கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடினால், அந்த அசைவைக் கண்டுபிடித்துத் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதியை கூகுள் 2024இல் ஆண்ட்ராய்டு 10 வரைக்கும் கொண்டுவந்தது. செட்டிங்ஸில் கூகுள் பகுதிக்குள் 'தெஃப்ட் ப்ரொடெக்‌ஷன்' என்று தேடுங்கள். அங்கேயே 'ரிமோட் லாக்'கையும் ஆன் செய்து வையுங்கள். போன் தொலைந்தால் வேறு எந்த போனிலிருந்தும் ஆண்ட்ராய்டு டாட் காம் ஸ்லாஷ் லாக் என்ற முகவரிக்குப் போய், உங்கள் நம்பரைப் போட்டுப் பூட்டிவிடலாம். தொலைந்த பிறகு ஆன் செய்ய முடியாது, இன்றைக்கே செய்துவிடுங்கள்.

கேள்வி (லாஸ்பேட்டை, கல்லூரி மாணவி): அக்கா, பட்ஜெட் 20,000. ஆன்லைனில் 2023 மாடல் ஒன்று தள்ளுபடியில் வருது, "4 வருஷ அப்டேட்" என்று போட்டிருக்கு. நேரு வீதிக் கடையில் போன மாசம் வந்த மாடல், அதுக்கு 3 வருஷம்தான். எது லாபம்?

பதில்: தங்கச்சி, அந்த 4 வருஷம் நீ வாங்கும் நாளிலிருந்து தொடங்காது. மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்துதான் பொதுவாகக் கணக்கு. 2023இல் வந்ததற்கு 2027இல் முடிந்துவிடும். போன மாதம் வந்த மாடலின் 3 வருஷம் அதைத் தாண்டிப் போகும். தள்ளுபடி பெரிதாகத் தெரியும்போதெல்லாம் அந்த மாடல் எப்போது வந்தது என்று முதலில் தேடிப் பார்.

இன்னொன்றும் கவனி. சில கம்பெனிகள் 'இத்தனை வருஷம்' என்கின்றன, சில 'இத்தனை வெர்ஷன்' என்கின்றன. செக்யூரிட்டி பேட்ச் எத்தனை வருஷம் என்று தனியாகக் கேள். சாம்சங் கேலக்ஸி எஸ்24, கூகுள் பிக்சல் 8 வரிசைகளுக்கு 7 வருஷம் என்று அறிவித்தார்கள். அவை விலை கூடியவை. ஆனால் உன் பட்ஜெட்டை ஒட்டி 2024இல் வந்த கேலக்ஸி ஏ16 5ஜிக்கும் 6 வருஷம் என்றார்கள். அதையே வாங்கு என்று சொல்லவில்லை. இந்த விலையிலும் நீண்ட ஆயுள் கொடுக்க முடியும் என்று தெரிந்துகொண்டு பேரம் பேசு.

'8+8 ஜிபி ரேம்' என்பதில் பின்னால் இருக்கும் 8 ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது, அதற்குக் காசு கொடுக்காதே. கம்பெனியின் வாக்குறுதிப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து பில்லோடு வைத்துக்கொள்.

கேள்வி (வில்லியனூர்): ரிட்டயர் ஆன என் அப்பாவுக்கு "சிபிஐ ஆபீசர்" என்று ஒருவன் வீடியோ கால் போட்டு, ஸ்கிரீன் ஷேர் செய்யச் சொல்லியிருக்கிறான். நல்ல வேளையாகத் தம்பி வந்து போனைப் பிடுங்கினான். புது ஆண்ட்ராய்டில் இதைத் தடுக்க வழி இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காக, பெரியவர்கள் கையில் இருக்கும் போனுக்கு அப்டேட் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள் என்பேன்.

இந்த ஏமாற்றில் அவர்களுக்கு வேண்டியது இரண்டு: ஓடிபி, அல்லது போனை இயக்கும் அதிகாரம். ஆண்ட்ராய்டு 15இல் ஸ்கிரீன் ஷேர் நடக்கும்போது வரும் அறிவிப்புகளின் உள்ளடக்கம் எதிராளிக்குத் தெரியாமல் மறைக்கப்படும். இரண்டாவது வேலைக்கு 'ஆக்சசிபிலிட்டி' அனுமதியைக் கேட்பார்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக உண்டான அனுமதி அது. கிடைத்துவிட்டால் அந்த ஆப் திரையில் உள்ளதைப் படிக்கும், பட்டனையும் அதுவே அழுத்தும். ஆண்ட்ராய்டு 16இல், கான்டாக்டில் இல்லாத ஒருவரோடு காலில் இருக்கும்போது இந்த அனுமதியைக் கொடுக்கவிடாமல் போனே தடுக்கும். பேச்சின் வேகத்தில் பதறிப்போய் எதையோ அழுத்திவிடும் நம் அப்பா அம்மாவுக்கு இது பெரிய துணை.

16 வந்த போன் என்றால் செட்டிங்ஸில் 'அட்வான்ஸ்டு ப்ரொடெக்‌ஷன்' என்று தேடிப் பாருங்கள். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப் ஏற்றுவது உட்படப் பல வழிகளை ஒரே சுவிட்சில் மூடிவிடும். அப்பா போனில் அதை ஆன் செய்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் 'சிஸ்டம் அப்டேட்' என்று வரும் ஏபிகே ஃபைலும் (பிளே ஸ்டோர் இல்லாமலே ஆப்பை ஏற்றும் ஃபைல்) இதே திருட்டு வேலைதான். உண்மையான சிஸ்டம் அப்டேட் செட்டிங்ஸுக்குள்தான் வரும்.

வீடியோ காலில் கைது செய்யும் வழக்கம் இந்த நாட்டில் எந்தப் போலீசுக்கும் கிடையாது என்பதை அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருங்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியில் முடக்க அவ்வளவு வாய்ப்பு. அவரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்லாமல் மறைப்பார்.

கேள்வி (முத்தியால்பேட்டை): பிரான்சில் இருக்கும் அண்ணன் அம்மாவுக்கு ஐபோன் 11 கொண்டுவந்து கொடுத்தார். ஐஓஎஸ் 26 போடலாமா? எழுத்தே தெரிய மாட்டேங்குது என்கிறார்களே.

பதில்: போடலாம். 26 ஏறும் மாடல்களில் மிகப் பழையது ஐபோன் 11 வரிசைதான். எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் வரிசைக்குக் கிடையாது. 'லிக்விட் கிளாஸ்' என்ற கண்ணாடி போன்ற தோற்றம் வயதானவர்கள் கண்ணுக்குச் சிரமம்தான். ஆக்சசிபிலிட்டியில் 'ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்சி'யை ஆன் செய்தால் எழுத்து தெளிவாகும். பிறகு வந்த 26.1இல் அந்தக் கண்ணாடியை மங்கலாக்கவும் வசதி கொடுத்தார்கள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பவரை யார், எதற்கு என்று போனே விசாரிக்கும் புது வசதியைத் தமிழே பேசும் அம்மாவுக்கு ஆன் செய்ய வேண்டாம். அது தமிழில் விசாரிக்காது. பண்ருட்டியிலிருந்து புது நம்பரில் கூப்பிடும் பெரியப்பா மிரண்டு வைத்துவிடுவார். ஒருமுறை ஏற்றிவிட்டால் பழைய வெர்ஷனுக்கு இறங்குவது நடக்காத காரியம் என்பதால் முதலில் பேக்அப் எடுத்துவிடுங்கள்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): அப்டேட் போட்டதிலிருந்து சார்ஜ் மதியத்துக்கே தீர்ந்துடுது. ஒரு மாசம் ஆச்சு. சர்வீஸ் சென்டரில் "பேட்டரி மாத்துங்க, உங்க செலவு" என்கிறார்கள். கேள்வி கேட்க வழி உண்டா?

பதில்: உண்டு. அப்டேட்டுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் சார்ஜ் வேகமாக இறங்குவது இயல்பு, உள்ளே ஃபைல்களை அடுக்கும் வேலை நடக்கும். ஒரு மாதம் என்பது இயல்பில்லை.

அப்டேட்டால் வந்த கெடுதலுக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இத்தாலி 2018இல் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் இதற்காகவே அபராதம் போட்டது. பிரான்ஸ் 2020இல் ஆப்பிளுக்கு இரண்டரைக் கோடி யூரோ போட்டது. நம் நாட்டிலும் ஐஓஎஸ் 18 போட்டபின் போன் சரியாக ஓடவில்லை என்ற புகார்களில், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியதாக 2025 ஜனவரியில் மத்திய அமைச்சரே தெரிவித்தார்.

நீங்கள் செய்ய வேண்டியது: பேட்டரி எந்த ஆப்பில் எவ்வளவு போகிறது என்ற பக்கத்தைத் தினமும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சர்வீஸ் சென்டரில் ஜாப் ஷீட் எழுதி வாங்குங்கள், அதில் "அப்டேட்டுக்குப் பிறகு" என்ற வார்த்தை இருக்க வேண்டும். பிறகு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார். அதில் தீரவில்லை என்றால் 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கடலூர் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் மதிப்பு 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை தொடங்கி 2 வருஷத்துக்குள் போட வேண்டும். போன் மூன்று நான்கு வருஷம் பழையது என்றால் பேட்டரி வயதைக் காட்டி அவர்கள் வாதாடுவார்கள். அதே மாடலில் அதே அப்டேட்டுக்குப் பிறகு அவதிப்படும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டால் உங்கள் பக்கம் வலுவாகும்.

கேள்வி (தேவனாம்பட்டினம்): புயல் எச்சரிக்கை பெரிய சத்தத்தோடு சிலர் போனில் அடிக்குது, என் போனில் அடிக்கலை. அப்டேட் போட்டால் வருமா?

பதில்: முதலில் செட்டிங்ஸில் 'வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்' ஆஃபில் இருக்கிறதா என்று பாருங்கள். 2023இல் சோதனைச் சத்தம் வந்தபோது எரிச்சலில் அணைத்துவிட்டவர்கள் உண்டு. இன்டர்நெட் இல்லாவிட்டாலும் டவர் கிடைத்தால் இந்தச் செய்தி வந்து சேரும். கரையிலிருந்து தூரம் போய் டவர் அறுந்தால் வராது, படகில் வயர்லெஸ் செட் கட்டாயம் இருக்கட்டும். அப்டேட் பாக்கி இருந்தால் அடைமழைக் காலத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் கரை கடந்த ராத்திரி போல கரன்ட் இல்லாத நேரத்தில், பாதி சார்ஜில் அப்டேட்டைத் தொடங்கவே கூடாது.